சளியில் கிடந்த கரி

பன்யிமூர் துறை
மார்ச் 3, 2015

ஒனென்சான்,

'அன்புள்ள' என்று போட மனம் வரவில்லை. போடாமலே எழுதுகிறேன்.

நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். மோட்டார் சைக்கிள்காரன் மேட்டிலேயே இறக்கிவிட்டான். ஏரிக்காற்று முகத்தில் அடித்ததும் மூச்சு கொஞ்சம் லேசானதுபோல இருந்தது. வீட்டுப் பின்பக்கம் போனேன். என் புகையடுப்புகள் மூன்றும் மண்மேடாகக் கிடந்தன. மீன் பரப்புகிற கம்பிவலைகளை மட்டும் யாரோ ஓரமாக அடுக்கியிருந்தார்கள், செத்தவள் துணிமணியை அடுக்கிவைப்பதுபோல. மழையில் இடிந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகுதான் மண்வெட்டி போட்ட தடம் கண்ணில் பட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் பச்சுத்தோ நின்றுகொண்டிருந்தாள். "உன் தம்பிதான் வந்தாரு. உங்க சித்தப்பா பசங்களக் கூட்டிக்கிட்டு வந்து, ஆளுக்கு ஒரு பாட்டில் வராகிச் சாராயம் வாங்கிக் குடுத்து இடிக்கச் சொன்னாரு. நிமுங்குவுக்குத் தெரியுமான்னு நான் கேட்டேன். 'டாக்டர் நானா, நீயா'ன்னு என்னையே திருப்பிக் கேட்டாரு" என்றாள்.

நான் மூக்கில் குழாயோடு படுத்துக் கிடந்த நேரம் பார்த்து இதைச் செய்திருக்கிறாய். என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிவிட்டு, 'கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன்' என்று சொன்னாயே, அப்போது இதற்குத்தான் போனாயா?

அந்த அடுப்புகளை நான் கட்டியது சும்மா இல்லை. எந்த மாதம் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்துப் பார்த்து வாய் வைத்தவை. என் புருஷன் ஏரிக்கு அந்தப்புறம் காங்கோ கரையில் இன்னொருத்தியோடு குடித்தனம் போட்ட பிறகு என் பெண்கள் இரண்டும் சாப்பிட்டது அதிலிருந்துதான். உன் படிப்புக்கு அதிலிருந்து போனதைச் சொல்லிக்காட்ட மாட்டேன். சொல்லிக்காட்டுகிற ஜாதி நான் இல்லை.

உன் நம்பரைப் போனில் அடைத்துவிட்டேன். உன் குரல் என் காதில் விழக் கூடாது. சொல்வதற்கு ஏதாவது இருந்தால் எழுதி ஒபெடியிடம் கொடு. அவன் கண்டக்டராகப் போகிற பஸ் வாரத்தில் பாதி நாள் கம்பாலாவுக்கும் இங்கேயுமாகத்தான் ஓடுகிறது.

நிமுங்கு


கம்பாலா
மார்ச் 8

அக்கா,

ஆமாம், இடித்தேன். நாளைக்கே நீ திரும்பக் கட்டினால் நாளை மறுநாள் வந்து திரும்ப இடிப்பேன்.

நீ உன்னைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். உதடு நீலமாகி, வாயில் ஒரு வார்த்தை வராமல், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் குனிந்து மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாய். உன் சின்னவள் வாசலில் நின்று, "மாமா, அம்மா செத்துருவாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? 'உங்கள் அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்றா?

எத்தனை தடவை சொன்னேன். விறகை விடு, புகையை விடு, முசிரி மீனை வெயிலில் காயவைத்து விற்கிறவர்கள் இல்லையா என்று. 'சரி சரி' என்பாய். நான் கம்பாலா பஸ் ஏறுவதற்குள் உன் அடுப்பில் புகை கிளம்பிவிடும். உன் 'சரி சரி' கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

உன் ரத்தத்தை நானே பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஈசினோபில் என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. இருக்க வேண்டியதைப்போல நாலு மடங்கு இருக்கிறது உனக்கு. மூச்சுக்குழாய்க்குள் அவை கூட்டமாய்ப் போய் உட்கார்ந்தால் உள்சுவர் வீங்கும், சளி கட்டும், குழாய் சுருங்கும். இது ஆஸ்துமா. இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. நான் கொடுத்த இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டு மருந்து அந்த அணுக்களைத்தான் விரட்டும். காலையில் இரண்டு இழுப்பு, ராத்திரி இரண்டு இழுப்பு. இழுத்த பிறகு வாயைக் கொப்பளி. மருந்தும் போட்டு, புகையும் இல்லை என்றால் ஒரு மாதத்தில் நீ மேட்டுச் சந்தைக்கு நடந்து ஏறுவாய். அப்போது என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

ஒனென்சான்


பன்யிமூர் துறை
மார்ச் 26

ஒனென்சான்,

மேட்டுச் சந்தைக்கு ஏறினேன். பாதி வழியில் ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். மாம்பழம் விற்கிற பெண் தண்ணீர் கொடுத்தாள். மீதிப் பாதி ஏறவில்லை.

இன்ஹேலரை நீ சொன்னபடியே இழுக்கிறேன். கொப்பளிக்கிறேன். கொப்பளிக்கிற சத்தத்தில் கோழிகள் ஓடுகின்றன. இருமல் அப்படியேதான் இருக்கிறது. விடிகாலையில் ஆரம்பித்தால் சூரியன் ஏரிக்கு மேலே வந்த பிறகும் ஓயவில்லை. கட்டி கட்டியாய்ச் சளி. நீ சொன்ன அந்த அணுவுக்கு நீ அனுப்பிய மருந்தின் பெயர் தெரியாதோ என்னவோ.

துறையில் எல்லோருக்கும் நான் சிரிப்பாய்ப் போய்விட்டேன். படகுக்காரன்கள் மீனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "நிமுங்கு, இந்த அங்காரா மீன எங்க புகைபோடப் போற? உன் நெஞ்சுக்குள்ளயா?" என்று கேட்கிறார்கள். கேட்டவன் தலையில் மீன்கூடையைக் கவிழ்த்தேன். கூடை மீன் வீணானதுதான் மிச்சம்.

நீ உடைத்தது மண்ணை இல்லை. இந்தத் துறையில் நான் யார் என்பதை உடைத்திருக்கிறாய்.

நிமுங்கு


கம்பாலா
மார்ச் 30

அக்கா,

நீ சரியாக இழுக்கவில்லை. ஒன்று, மூச்சை உள்ளே பிடித்து நிறுத்தாமல் விட்டிருப்பாய். அல்லது இருமல் குறைந்த நாட்களில் மருந்தை விட்டிருப்பாய். எல்லா நோயாளிகளும் 'நீங்கள் சொன்னபடியே' என்றுதான் சொல்வார்கள். தினமும் கேட்கிறேன்.

போகட்டும். இன்ஹேலருக்கு அடங்காததை மாத்திரை அடக்கும். அதே ஸ்டீராய்டு, வலுவானது. ஒபெடியிடம் கொடுத்திருக்கிறேன். காலையில் சாப்பிட்டுவிட்டு உறையில் எழுதியிருக்கிறபடி விழுங்கு. இதையாவது ஏமாற்றாமல் செய்.

இன்னொன்றும் வேண்டும். உன் சளி. சிரிக்காதே. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாய் இருமி, எச்சில் இல்லாமல் நெஞ்சுச் சளியாக நான் அனுப்பியிருக்கும் டப்பாவில் துப்பு. மூடியை இறுக்கு. மீன் ஐஸ் நிறைந்த பெட்டியில் வைத்து அன்றைக்கே ஒபெடியிடம் கொடு. ஈசினோபில்கள் உன் மூச்சுக்குழாயில் எப்படி மொய்த்துக் கிடக்கின்றன என்று நானே மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, படம் எடுத்து அனுப்புகிறேன். அப்போதாவது நம்புவாய்.

ஒனென்சான்


பன்யிமூர் துறை
ஏப்ரல் 8

ஒனென்சான்,

இந்தா உன் பொக்கிஷம்.

ஒபெடி பெட்டியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "அக்கா, மீன்தானே? டிரைவருக்கு ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்றான். "தாராளமா எடுத்துக்க" என்றேன். டப்பாவைத் திறந்தவன், திறந்த வேகத்தில் மூடிவிட்டான். பஸ் கூரையில் கட்டியிருக்கிறான். சீட்டுக்கு அடியில் வைக்க மாட்டானாம்.

மாத்திரை விழுங்குகிறேன். இன்ஹேலரைவிடப் பரவாயில்லை. நன்றாகப் பசிக்கிறது. ஒரு முழு உருண்டை மரவள்ளிக் களியும் மீன்குழம்பும் சாப்பிட்டேன், ரொம்ப நாளைக்குப் பிறகு. கையில் வலு வந்ததுபோல இருக்கிறது. இருமல் மட்டும் அப்படியே. இதற்காக உனக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே.

நிமுங்கு


கம்பாலா
ஏப்ரல் 11

அக்கா,

நீ என்னிடம் பொய் சொல்கிறாய்.

உன் சளியைச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். முதலில் ஈசினோபிலைத் தேடினேன். இல்லை. ஒன்றிரண்டுகூடக் கண்ணில் படவில்லை. என் கண் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்து, வேறொரு கண்ணாடித் தகட்டில் திரும்பப் போட்டேன். அதிலும் இல்லை.

இருந்தது நியூட்ரோபில். அது வேறு வகை வெள்ளை அணு. தகடு முழுக்க அதுதான். உடம்பில் எங்கே தீ பட்டாலும், கிருமி வந்தாலும், முதலில் ஓடிவருவது அதுதான். வந்த வேலையை முடித்துவிட்டுச் செத்துப்போக வேண்டும். உன்னிடம் வந்தவை போகவில்லை. எதிரி இல்லாத இடத்திலும் தன் கையில் இருக்கிற அமிலத்தையும் நொதியையும் கொட்டிக்கொண்டு, உன் குழாய்ச் சுவரையே தின்றுகொண்டிருக்கின்றன. இவை ஸ்டீராய்டுக்கு அவ்வளவாகப் பணியாது.

இதைக்கூடப் பிறகு பேசிக்கொள்ளலாம். என்னை உட்காரவிடாமல் அடித்தது மற்றொன்று. நுரையீரலுக்குள் குப்பை பொறுக்குவதற்கென்றே பெரிய அணுக்கள் சில உண்டு. விழுங்கு அணுக்கள். உள்ளே வருகிற தூசியை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்ளும். உன் விழுங்கு அணுக்களின் வயிற்றில் கரி இருக்கிறது, அக்கா. திட்டுத் திட்டாய், கன்னங்கரேலென்று. புகையை விட்டு ஒரு மாதம் தாண்டியவள் சளியில் இவ்வளவு இருக்காது. இப்படி அடைத்துக் கிடக்க வேண்டும் என்றால் நேற்றும் முந்தாநாளும் புகையில் நின்றிருக்க வேண்டும்.

எங்கே நிற்கிறாய்? நான் இடித்ததெல்லாம் எதற்கு? ஊர் முழுக்க என்னைத் திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்ததே தவிர, என் பேச்சுக்கு என்ன மதிப்பு வைத்தாய்? எழுது. பொய் எழுதாதே, எழுதினால் அடுத்த டப்பாவில் தெரிந்துவிடும்.

ஒனென்சான்


பன்யிமூர் துறை
ஏப்ரல் 14

ஒனென்சான்,

பொய்யா? நான் புகையை விட்டுவிட்டேன் என்று எந்தக் கடிதத்தில் எழுதினேன்? எடுத்துப் பார். நீயே நினைத்துக்கொண்டாய். அடுப்பை உடைத்தால் புகை நின்றுவிடும் என்று நினைக்கிற அளவுக்குத்தான் உன் படிப்பு.

பச்சுத்தோவின் கொட்டகையில் கூலிக்கு நிற்கிறேன். போதுமா? அவள் அடுப்பைத் திறந்தவெளியில் வைக்கவில்லை. மழைக்குப் பயந்து நாலு பக்கமும் ஓலை அடைத்த கொட்டகைக்குள் வைத்திருக்கிறாள். ஒரே ஒரு வாசல். அதையும் விறகு மறைத்திருக்கும். என் அடுப்பில் நான் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பேன், புகை தன் பாட்டுக்கு ஏரிக்குப் போய்விடும். இங்கே புகை என் மூக்கு வழியாகத்தான் வெளியே போகிறது. மீனைப் புரட்டிவிட்டு வாசலுக்கு ஓடி, மூச்சு வாங்கி, திரும்ப உள்ளே ஓட வேண்டும். பச்சுத்தோவையும் குறை சொல்ல முடியாது. "உன்னால முடியலன்னா வீட்டுக்குப் போ நிமுங்கு, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றுதான் சொல்கிறாள். வீட்டுக்குப் போய் என்ன செய்ய? உன் கடிதத்தை அவித்துத் தின்னவா?

ஆக, உன் கண்ணாடியில் பார்த்தாயே கரி, அது என் அடுப்புக் கரி இல்லை. நீ போட்ட கரி. நன்றாகப் பார்த்துக்கொள்.

அப்புறம், என்னவோ ஆஸ்துமா, சந்தேகமே இல்லை என்றாய். அந்த அணு நாலு மடங்கு என்றாய். இப்போது தேடினேன், ஒன்றுகூட இல்லை என்கிறாய். ரத்தத்தில் இருக்கிறதாம், நெஞ்சில் இல்லையாம். என் ரத்தம் என்ன தனியாக வந்த ரத்தமா? ஒரே வயிற்றில்தான் பிறந்தோம், ஒரே ஏரியில்தான் முங்கினோம், அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். எனக்கு மட்டும் ஊசி குத்திக் குத்திப் பார்க்கிறாயே, உன்னைக் குத்திக்கொண்டாயா ஒரு தடவையாவது? குத்திப் பார். டாக்டர் ரத்தம் எவ்வளவு சுத்தம் என்று எழுதி அனுப்பு, துறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறேன்.

மாத்திரை தீரப்போகிறது. அதையாவது அனுப்பு. அது ஒன்றுதான் என்னைப் பச்சுத்தோ கொட்டகையில் நிற்கவைக்கிறது.

நிமுங்கு


கம்பாலா
ஏப்ரல் 17

அக்கா,

மாத்திரையை இன்றோடு நிறுத்து. இந்த வரியைப் படித்தவுடனே நிறுத்து. மீதியைப் பிறகு படி. போட்டது கொஞ்ச நாள்தான், அதனால் ஒரேயடியாக நிறுத்தலாம். ஒன்றும் ஆகாது. நிறுத்தாவிட்டால்தான் ஆகும். உன் போன் எடுக்கவில்லை, பச்சுத்தோ போனும் எடுக்கவில்லை. ஒபெடியிடம் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபத்தில் கிழிக்கப் போனேன். பிறகு இன்னும் கோபம் வந்து, உன் வாயை அடைக்கிறேன் பார் என்று என் கையிலேயே ஊசி குத்தி ரத்தம் எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் முடிவு வந்தது. என் ஈசினோபில் உன்னுடையதைவிட அதிகம்.

எனக்கு இருமல் இல்லை. மூச்சிரைப்பு இல்லை. மாடிப்படி ஓடி ஏறுகிறேன்.

அந்த அணுக்கள் உன் நெஞ்சுக்காக வந்தவை இல்லை, அக்கா. ஏரிக்காக வந்தவை. தண்ணீரில் இறங்கும்போது தோல் வழியாக உள்ளே போகிற ரத்தப்புழு நம் துறையில் யாருக்குத்தான் இல்லை? அந்தப் புழுவை எதிர்க்கத்தான் உடம்பு ஈசினோபிலைப் பெருக்குகிறது. புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு நம் ஏரியில் முங்காதவர்களை வைத்துப் போட்டது. நான் அந்த அளவை எடுத்து உன் மேல் வைத்தேன். பன்யிமூரில் பிறந்தவன், கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தால் முதல் வேலையாக ஏரியில் குதிக்கிறவன், எனக்கே அது தோன்றவில்லை. துறையில் யார் ரத்தத்தை எடுத்திருந்தாலும் 'ஆஸ்துமா' என்று எழுதியிருப்பேன்.

இப்போது பயம் வேறு ஒன்று. ஏரிப்புழு மட்டும் இல்லை, ஈர மண்ணிலிருந்து வெறுங்காலில் ஏறுகிற இன்னொரு புழுவும் நம் ஊரில் உண்டு. குடலில் சத்தமில்லாமல் இருக்கும். அதைச் சத்தமில்லாமல் வைத்திருப்பதே இந்த ஈசினோபில் போன்ற அணுக்கள்தான். ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் காவல் போய்விடும். அந்தப் புழு பெருகி, குடலைத் துளைத்து, நுரையீரல் வரைக்கும் ஏறும். அப்படி ஏறியவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள் குறைவு. உனக்கு அந்தப் புழு இருக்கிறதா இல்லையா என்று ஒரு பரிசோதனைகூடச் செய்யாமல் மாத்திரையைப் பஸ்ஸில் போட்டு அனுப்பினேன்.

உனக்குக் கிடைத்த பசியும் வலுவும் மாத்திரையின் குணம். அது யாருக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். நெஞ்சு குணமாகவில்லை. அங்கே இருக்கிற நியூட்ரோபில்களை அது விரட்டவும் இல்லை. அவற்றை இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாக உயிரோடு இருக்கத்தான் வைக்கும்.

ஆக, விரட்ட வேண்டியதை வளர்த்தேன், காவல் இருந்ததை விரட்டினேன். திட்டு. ஆனால் மாத்திரையை விழுங்காமல் திட்டு.

ஒனென்சான்


பன்யிமூர் துறை
ஏப்ரல் 18

ஒனென்சான்,

ஒபெடி கொட்டகைக்கே வந்துவிட்டான். பஸ்ஸை மேட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆட்களை உட்காரவைத்துவிட்டு, கீழே ஓடிவந்திருக்கிறான். "அக்கா, டாக்டர் அழுதாரு. இத நீ படிச்சு, அந்த மாத்திரைய என் கையில குடுக்குற வரைக்கும் நான் பஸ்ஸ எடுக்க விட மாட்டேன்" என்றான். மேலே பஸ்ஸில் இருந்தவர்கள் ஹார்னை அடித்துக்கொண்டே இருந்தார்கள். இவன் நகரவில்லை. புகையில் கண் எரிய நின்று படித்தேன்.

மாத்திரையை அவன் கையில் கொடுத்துவிட்டேன். ஏரியில் போட்டுவிடாதே, மீனுக்குக் காவல் போய்விடும் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

அழுதாயா? நம் அப்பாவைப் புதைத்த அன்றைக்குக்கூட நீ அழவில்லை. சாவு வீட்டு முற்றத்தில் மூட்டிய துக்க நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடப் புத்தகம் படித்தாய். இப்போது என்ன அழுகை?

உன் மேல் இருக்கிற கோபம் இம்மியும் குறையவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ உன் ரத்தத்தை மறைத்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியப்போகிறது? மறைக்கவில்லை.

இனி நான் சொல்வதைக் கேள். அடுத்த வாரம் சுகாதாரக்காரர்கள் துறைக்குப் புழு மாத்திரை கொடுக்க வருகிறார்கள். அளவு குச்சியை நட்டு, உயரம் பார்த்து, உயரத்துக்குத் தக்கபடி மாத்திரை எண்ணிக் கையில் கொடுப்பார்கள். தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று இங்கே பாதிப்பேர் ஒளிந்துகொள்வார்கள். நானும் ஒவ்வொரு வருஷமும் ஒளிகிறவள்தான். நீ வா. அந்தக் குச்சிக்கு அடியில் முதல் ஆளாக நில். டாக்டர் கோட்டு இல்லாமல் நில். உனக்குப் பின்னால் நான் நிற்கிறேன். மண்ணிலிருந்து ஏறுகிற அந்தப் புழுவுக்கு என்ன மருந்தோ அதையும் கையோடு கொண்டுவா.

அப்புறம் என் அடுப்பைக் கட்டு. சித்தப்பா பசங்களை வைத்து இல்லை. உன் கையால். உடைத்தவன் கட்டுவதுதான் முறை. நீ கட்டாமல் போனால் நான் பச்சுத்தோ கொட்டகையிலேயே நிற்பேன், செத்தால் அங்கேயே சாவேன். இது மிரட்டல் இல்லை. வேறு வழி இல்லை, அதனால் சொல்கிறேன்.

நிமுங்கு


கம்பாலா
மே 6

அக்கா,

வந்து சேர்ந்தேன். அடுப்பு கட்டிய கை கொப்புளம் இன்னும் ஆறவில்லை. நாடித்துடிப்பு பார்க்கக் கூச்சமாக இருக்கிறது, நோயாளிகள் என் விரலையே பார்க்கிறார்கள்.

புழு மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு நானே வெறும் வயிற்றில் போட்டது தப்புதான். அதற்காக, நான் படகுக்குப் பின்னால் குனிந்து நின்றதை இன்றைக்குவரைக்கும் ஊரில் நடித்துக் காட்டுகிறார்களாம். ஒபெடி சொன்னான். 'அக்கா சிரிச்சு சிரிச்சு இருமிட்டாங்க' என்றும் சொன்னான். நீ சிரித்தாய் என்றால் போகட்டும்.

புது அடுப்புக்கு நான் வைத்த புகைக்குழாயின் மூட்டில் விரிசல் விட்டால் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசு. குழாயின் இரண்டு வளைவுக்கும் நடுவில் விரிசல் விடத்தான் செய்யும், நான் கொத்தனார் இல்லை. மூன்று அடுப்பில் ஒன்றைத்தான் கட்ட முடிந்தது. மற்ற இரண்டையும் லீவு கிடைத்ததும் வந்து கட்டித் தருகிறேன். வாய் ஏரிப்பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும் என்று நீ பாதியில் என்னை இடிக்கச் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தை நான் எழுதப்போவதில்லை.

நீ கொடுத்தனுப்பிய சளியைப் பார்த்தேன். நீ அன்றைக்கு வாசலில் நின்று சொன்னாயே, "உனக்குத் தெரிஞ்சத எழுதாத. அதுல இருக்கறத எழுது" என்று. அதில் இருப்பதை எழுதுகிறேன். விழுங்கு அணுக்களின் வயிற்றில் கரி குறைந்திருக்கிறது. நன்றாகவே குறைந்திருக்கிறது. நியூட்ரோபில் குறையவில்லை. கொஞ்சம்கூட.

புகை முழுதாக நின்ற பிறகும் அவை சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும். சிலருக்குப் போவதே இல்லை. குழாய்ச் சுவரில் அவை தின்ற இடம் திரும்ப வளராது. மூச்சுக்குழாயை விரித்துக் கொடுக்கிற வேறு இன்ஹேலர் வைத்திருக்கிறேன், ஏறுவதற்கு அது உதவும். விரட்டுகிற மருந்து என்னிடம் இல்லை. யாரிடமும் இல்லை. புதிதாய்ப் புகை போகாமல் பார்த்துக்கொண்டால் இருப்பதையாவது காப்பாற்றலாம். இதை வேறு மாதிரி எழுத ஆசையாக இருந்தது.

இனி அடுப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அது உன் அடுப்பு.

ஒனென்சான்


பன்யிமூர் துறை
மே 19

தம்பி,

உன் கடிதத்தைப் பெரியவள் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். 'கொஞ்சம்கூட' என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். மேலே படி என்றேன்.

அந்த அணுக்கள் யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீ சாயம் போட்டுப் பார்த்ததைவிட நன்றாகப் புரிந்தது. அப்பா செத்தபோது வந்தார்களே, மறுகரைச் சொந்தக்காரர்கள். முதல் நாள் அவர்கள்தான் குழி வெட்டினார்கள், தண்ணீர் சுமந்தார்கள், அவர்கள் இல்லாமல் நடந்திருக்காது. அப்புறம் போகவில்லை. ஆட்டைத் தின்றார்கள், களியைத் தின்றார்கள், விதைக்கு வைத்த சோளத்தையும் தின்றார்கள். போங்கள் என்று வாயால் சொல்ல முடியாது, முறை இல்லை. துக்க நெருப்பு எரிகிற வரைக்கும் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. கடைசியில் அம்மா என்ன செய்தாள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு விடிகாலையில் எழுந்து, யாரையும் கேட்காமல், நெருப்பில் தண்ணீரை ஊற்றினாள். அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பாயைச் சுருட்டினார்கள். சிலர் சுருட்டவே இல்லை. ஆனால் புதிதாய் யாரும் வரவில்லை.

நீ கட்டிய அடுப்பைச் சந்தைக்கு முந்தின நாள் பற்றவைத்தேன். துறையே வந்து வேடிக்கை பார்த்தது. கோணலாய்த்தான் கட்டியிருக்கிறாய். ஆனாலும் புகை குழாய் வழியாக மேலே போனது. பச்சுத்தோ, "டாக்டர் கட்டுன அடுப்பு நல்லாத்தான் இழுக்குது" என்றாள். அங்காரா ஒரு தட்டு, பொன் நிறத்தில் வந்தது. முதல் மீனைக் கூடைக்காரனுக்குச் சும்மா கொடுத்தேன், நான் கவிழ்த்தேனே, அவனுக்கு. எங்கே புகைபோடப் போகிறாய் என்று கேட்டானே, இங்கே என்று காட்டிக் கொடுத்தேன். அவன் அங்கேயே நின்று தின்றான்.

எல்லா மீனும் விற்றது. வீட்டுக்கு வந்து, எல்லோரும் பார்க்க, ஒரு குடம் ஏரித்தண்ணீர் கொண்டுவந்து அடுப்பு நெருப்பில் ஊற்றினேன்.

மற்ற இரண்டையும் கட்ட வர வேண்டாம். பச்சுத்தோவுக்கு இந்த அடுப்பைக் கொடுத்துவிட்டேன், அந்த ஓலைக் கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிரித்துவிட்டாள். நான் மீனைக் கீறி உப்புப்போட்டுக் காங்கோ படகுக்கு ஏற்றப் பார்க்கிறேன். கம்பிவலைகளை மூங்கில் மேல் கட்டி முசிரி காயப்போட்டிருக்கிறேன். காக்கையை விரட்டத்தான் ஆள் வேண்டும். மேட்டுச் சந்தைக்கு மாமரம் தாண்டி ஏறிவிட்டேன், உன் புது இன்ஹேலரோடு. இரண்டு இடத்தில் நின்றேன்.

நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கம்பாலாவில் சிரிக்காதே. மார்ச் மாதமே இதைத்தானே சொன்னேன் என்று ஒரு வார்த்தை எழுதினாலும் உன் நம்பர் திரும்ப அடைபடும். அன்றைக்கு நீ என் நெருப்பை உடைத்தாய். அதனால் நான் பக்கத்து நெருப்புக்குப் போனேன். இன்றைக்கு என் நெருப்பை நான் அணைத்தேன். இனி எங்கும் போக மாட்டேன்.

போனைத் திறந்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. முதலில் நான்தான் திட்டுவேன், நடுவில் பேசாதே.

உன் அக்கா
நிமுங்கு